அம்மாவின் பின்னலும் ஏழுகல் தோடும்: ஒரு பொற்கொல்லரின் பதில்

கேள்வி:

வணக்கம் அண்ணா. நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், ஒரு பள்ளியில் அலுவலக வேலை. அம்மா போன வருடம் மார்பகப் புற்றுநோயில் தவறிவிட்டார். கீமோ ஆரம்பித்தால் முடி கொட்டிவிடும் என்று தெரிந்ததும், "கொட்டிப் போறதுக்கு முன்னாடி நீயே வெட்டி எடுத்துக்கோம்மா" என்று என் கையிலேயே கத்தரிக்கோலைக் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு முழம் வரும் அந்தப் பின்னல் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. கூடவே அவர் எப்போதும் போட்டிருந்த ஏழுகல் தோடும் இருக்கிறது.

இந்த முடியை நகையாகச் செய்து போட்டுக்கொள்ள ஆசை. இணையத்தில் ஒருவர், பின்னல் முழுவதையும் கூரியரில் அனுப்பினால் அரைத்து ரெசினில் கலந்து கல் மாதிரி செய்து தருவதாகச் சொல்கிறார். அஸ்தியில் கொஞ்சம் என் தம்பி எடுத்து வைத்திருக்கிறான். அதை வெளிநாட்டுக்கு அனுப்பி வைரமாக்கலாம் என்றும் அவரே சொன்னார். தோட்டை உருக்கி இரண்டு பதக்கம் செய்து, எனக்கு ஒன்று அக்காவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன். ஆனால் அத்தை, செத்தவர் முடியைக் கழுத்தில் போடுவது தோஷம் என்கிறார். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

தங்கச்சி, முதலில் ஒன்று. பின்னலை யாருக்கும் அனுப்பாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாக யோசிக்கலாம், இதை மட்டும் இன்றே முடிவு செய்துவிடுங்கள்.

தங்கம் தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கல் உடைந்தால் மாற்றிப் பதிக்கலாம். அந்தப் பின்னல் போனால் போனதுதான். அனுப்பிய பொருள் வராமல் போனாலோ, சொன்னபடி செய்யாமல் விட்டாலோ, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டிப் புகார் கொடுக்க நம் நாட்டில் வழி இருக்கிறது. ஆனால் மன்றம் பணத்தை வாங்கித் தரலாம். அம்மாவின் முடியை யாரும் வாங்கித் தர முடியாது.

இந்த மாதிரி நகைக்கு வருகிற எல்லோரிடமும் நான் இரண்டு விஷயம் சொல்வேன். உள்ளே போவது உங்கள் அம்மாவின் முடிதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். நாளைக்கே மனசு மாறினால் அதை அப்படியே வெளியே எடுக்கவும் முடிய வேண்டும். முடியை நீங்களே உங்கள் கையால் உள்ளே வைக்கிற மாதிரியும், திருகித் திறக்கிற மாதிரியும் செய்தால் இரண்டும் கிடைத்துவிடும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிடுகிறது.

ரெசின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ரெசின் என்பது இரண்டு திரவத்தைக் கலந்தோ புற ஊதா விளக்கில் காட்டியோ இறுக வைக்கிற பிளாஸ்டிக். செய்த புதிதில் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். நம் வெயிலில் போகப் போக மஞ்சளாகும். மலிவான ரெசின் என்றால், மதிய வெயிலில் காருக்குள் விட்டுவைத்தாலே இளகிப் பளபளப்பு போய்விடும். முடியில் துளி ஈரமோ எண்ணெயோ இருந்தால் உள்ளே குமிழி விழும், மூட்டம் போடும். நல்ல கைகாரர்கள் இதையெல்லாம் ஓரளவு சமாளிப்பார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தடவை இறுகிவிட்டால் அதை உடைக்காமல் முடியை வெளியே எடுக்க வழியே இல்லை. அதிலும் இவர் அரைத்துக் கலக்கிறேன் என்கிறார். அரைத்த பிறகு அது உங்கள் அம்மாவின் முடியா, இல்லையா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஒரு பதக்கத்துக்கு முப்பது நாற்பது இழை போதும் என்கிறபோது, முழுப் பின்னலையும் எதற்குக் கேட்கிறார் என்று நீங்கள் அவரையே கேட்டுப் பார்க்கலாம்.

இந்தச் சந்தேகம் இன்றைக்கு வந்ததும் இல்லை. 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு, விக்டோரியா மகாராணி அவருடைய முடி வைத்த லாக்கெட்டை அணிந்துகொண்டார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் முடி நகை பெரிய தொழிலாகவே நடந்தது. மோதிரத்துக்குள் முடி, புரோச்சுக்குள் முடி, முடியையே சங்கிலியாகப் பின்னுவது என்று எல்லாம் செய்தார்கள். அப்போதே வாடிக்கையாளர்களுக்கு ஒரு பயம் இருந்தது: கொடுத்த முடியைத்தான் வைத்தார்களா, பின்னுவதற்குத் தோதான வேறு முடியை வைத்துவிட்டார்களா? அதனால் வீட்டிலேயே இந்த வேலையைக் கற்றுக்கொண்டு தாங்களே செய்த பெண்கள் நிறையப் பேர். அந்த நகைகள் நூற்றைம்பது வருடம் தாண்டி இன்னும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் முடியும் முடியாகவே இருக்கிறது. ஈரமும் பூச்சியும் அண்டாமல் பார்த்துக்கொண்டால் முடி உங்கள் ஆயுளையும் தாண்டி இருக்கும். எத்தனை வருடம் தாங்கும் என்ற கவலையே வேண்டாம்.

வைரம் பற்றி. செயற்கை வைரம் பொய் இல்லை. 1954-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் வைரம் செய்துவிட்டது. முடியிலிருந்தோ சாம்பலிலிருந்தோ கரியை (கார்பனை) பிரித்து எடுத்து, சுத்தப்படுத்தி, ஒரு சின்ன வைரத் துணுக்கை விதையாக வைத்து, நாம் மூச்சு விடும் காற்றின் அழுத்தத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் கொடுத்து, 1300 டிகிரிக்கு மேல் சூடாக்கி வளர்க்கிறார்கள். வருவது உண்மையான வைரம்தான். சிக்கல் எங்கே என்றால், தகனத்தில் கரி பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது. நம் கையில் மிஞ்சும் சாம்பல் முக்கால்வாசி எலும்பின் கால்சியம் பாஸ்பேட். தம்பியிடம் இருக்கும் ஒரு கைப்பிடியில் கரி மிக மிகக் குறைவாகத்தான் இருக்கும். முடியில் எடைக்குப் பாதி அளவு கரி இருக்கிறது, அதிலிருந்து எடுப்பது சுலபம். ஆனால் அதற்கு முடியை எரித்தாக வேண்டும். கல் வந்த பிறகு அதில் மரபணு எதுவும் மிஞ்சாது. அதற்குள் இருப்பது யாருடைய கரி என்று எந்த ஆய்வுக்கூடத்தாலும் சொல்ல முடியாது. செய்தவர் தரும் காகிதத்தை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. நம்பிச் செய்துகொண்டு மன நிறைவோடு இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. முழுப் பின்னலையும் கையில் வைத்திருக்கிற உங்களுக்கு அது தேவையில்லை என்கிறேன்.

சாம்பலை என்ன செய்வது என்பது தம்பியும் நீங்களும் பேசி முடிவு செய்ய வேண்டியது. மீதி அஸ்தியைக் கரைத்தாயிற்று என்றால், இதையும் கரைத்துவிட வேண்டும் என்று குடும்பத்தில் பெரியவர்கள் நினைக்கக்கூடும். தம்பிக்கு வைத்துக்கொள்ளத்தான் மனசு என்றால், ஈரம் புகாத சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். நகையில் போடுவதாக இருந்தாலும் அதுவும் திருகு மூடிக்குள் போகட்டும். முடியோடு சேர்த்து ஒரே அறையில் போட வேண்டாம். சாம்பல் நறநறவென்று இருக்கும், முடியை அறுக்கும், ஈரத்தையும் இழுக்கும்.

இனி அத்தை சொன்னது. நான் குருக்கள் இல்லை, சாஸ்திரம் பேச வரவில்லை. வெட்டிய முடியும் நகமும் தீட்டு என்று நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்வது உண்மை, அத்தை அதை இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஆனால் என் பட்டறைக்கு வருகிற வேலையைப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. பிள்ளைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதைப் பத்திரமாக எடுத்து வந்து, வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து அரைஞாணில் கட்டக் கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்தத் தாயத்தைக் காவல் என்றுதான் சொல்கிறார்கள். நம் பக்கத்து வீட்டுச் சீனர்களிலும் குழந்தையின் முதல் முடியில் எழுதுகோல் தூரிகை செய்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உடம்பிலிருந்து வந்த ஒன்றை நகைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ வைத்துக் காப்பது நமக்குப் புதிது இல்லை. அப்புறம், உங்கள் அம்மா உயிரோடு இருந்தபோது தன் விருப்பத்தோடு, தன் கையால் கத்தரிக்கோலைக் கொடுத்து வெட்டச் சொன்ன முடி இது. இதை அத்தையிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவருக்கு அந்த விவரம் தெரியுமா என்றே உங்கள் கடிதத்தில் இல்லை. அண்ணியின் முடி என்றால் அவருக்கும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இருக்கலாம்.

அப்படியும் அவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் சண்டை போடாதீர்கள். சங்கிலியிலிருந்து சுலபமாகக் கழற்றுகிற மாதிரி கொக்கி வைத்துச் செய்தால், கோயிலுக்குப் போகும்போதும் வீட்டில் விசேஷத்தின் போதும் கழற்றி வைத்துவிடலாம். எப்படியும் கழற்ற வேண்டிய நேரங்கள் உண்டு. குளிக்கும்போதும், கடலில் இறங்கும்போதும், தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கும்போதும் இதைப் போடக்கூடாது. எவ்வளவு நன்றாகத் திருகினாலும் தங்கச் சிமிழ் தண்ணீர் புகாத கடிகாரம் ஆகிவிடாது.

தோட்டை உருக்குவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் தங்கச்சி, தயவு செய்து உருக்காதீர்கள்.

இதைச் சொல்வதால் எனக்கு ஒரு வேலை குறையும், பரவாயில்லை. பழைய தோட்டை உருக்கினால் பல தடவை பற்றவைக்கப் போட்ட பொடியும், அதாவது ஒட்டுவதற்கான கலப்பு உலோகமும், சேர்ந்தே உருகும். 916 (22 காரட்) என்று நினைத்துக் கொடுத்த தங்கம் மாற்றுக் குறைந்துதான் வரும். சேதாரமும் போகும். அதைவிட, பல இடங்களில் உங்கள் தங்கத்தைத் தனியாக உருக்கவே மாட்டார்கள். எடை போட்டு வாங்கிக்கொண்டு, வேறு தங்கத்தில் செய்து கொடுப்பார்கள். வியாபாரத்தில் அது தவறும் இல்லை, எடைக்கு எடை சரியாகத்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது எடை இல்லையே.

இன்னொன்றும் உண்டு. பழைய ஏழுகல் தோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கல்லைச் சுற்றியிருக்கும் தங்கத்தின் விளிம்பு, தலையணையிலும் துண்டிலும் உரசி உரசி வழவழவென்று ஆகியிருக்கும். தண்டில் திருகாணி ஏறி இறங்கிய இடத்தில் மரை மழுங்கியிருக்கும். திருகாணிக்குள் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து கெட்டியாகக் கருப்பாக ஒன்று ஒட்டியிருக்கும். பட்டறையில் அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் நிமிஷத்தில் போய்விடும், மெருகு போட்டால் அந்தத் தேய்மானமும் மறைந்துவிடும். பெண்கள் அம்மாவின் நகையைக் கொண்டுவந்தால், மெருகு போடவா வேண்டாமா என்று கேட்காமல் நான் தொடுவதில்லை. நீங்கள் முடியை மட்டும்தான் அம்மாவின் மிச்சம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அவர் எப்போதும் போட்டிருந்த தோடும் அப்படித்தான். எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும், கழுவ வேண்டாம், மெருகு வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நல்லெண்ணத்திலேயே செய்து பளபளவென்று கொடுத்துவிடுவார்கள்.

சரி, என் யோசனை இது. ஒரு சின்ன வட்டச் சிமிழ் செய்யச் சொல்லுங்கள், குங்குமச் சிமிழின் வடிவம்தான், அளவு ஒரு பத்து காசு நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக. மூடி திருகு மூடி. மூடியின் நடுவில் தோட்டின் தண்டு நுழைகிற அளவுக்கு ஒரு துளை. தோட்டை வெளியிலிருந்து அந்தத் துளையில் நுழைத்து, உள்பக்கமிருந்து அதன் சொந்தத் திருகாணியாலேயே இறுக்க வேண்டும். காதில் போடுகிற அதே முறைதான், காதுக்குப் பதில் மூடி. பதக்கத்தின் முகப்பாக ஏழு கல்லும் வெளியே தெரியும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைச் சுற்றி முடி வளையமாக உட்கார்ந்துகொள்ளும்.

இதில் எனக்குப் பிடித்தது, தோட்டில் ஒரு கீறல்கூட விழாது. பழைய தோடுகள் பின்பக்கம் மூடியிருக்கும், உள்ளே அரக்கு வைத்துத்தான் கல் பதித்திருப்பார்கள். நெருப்புக் காட்டினால் அரக்கு உருகிக் கல் ஆடிவிடும். இந்த முறையில் நெருப்பே தோட்டின் பக்கம் வராது. உங்களுக்கு ஒரு தோடு, அக்காவுக்கு ஒரு தோடு. பிறகு எப்போதாவது உங்கள் மகளோ அக்காவின் மகளோ கல்யாணத்தில் பாட்டியின் தோட்டைப் போட ஆசைப்பட்டால், இரண்டு திருகாணியையும் கழற்றி அப்படியே காதில் போட்டுவிடலாம்.

தண்டு நீளம் என்பதால் சிமிழ் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வரும். ரவிக்கைக்குள் போட்டால் உறுத்தும், மேலே போட்டால் நன்றாக இருக்கும். தடிப்பு வேண்டாம் என்று தண்டை வெட்டச் சொல்லாதீர்கள்.

சிமிழை எதில் செய்வது? முழுக்க 916-ல் செய்தால் மரை சீக்கிரம் தேயும், அந்தத் தங்கம் மென்மையானது. அடிக்கடி திறந்து மூடுவதற்கு 750 (18 காரட்) நல்லது, கெட்டியாக இருக்கும். நிறம் கொஞ்சம் மாறும், தோட்டோடு வைத்துப் பார்த்தால் தெரியும், அதனால் ஒன்றும் குறையில்லை. பணம் கையைக் கடித்தால் 925 வெள்ளியில் செய்யுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை, தாயத்தும் வெள்ளிதானே. வெள்ளியில் ஒன்று மட்டும்: முடியில் கந்தகம் உண்டு, முடி கருகும்போது வரும் நாற்றமே அதனால்தான். அது மெல்ல மெல்ல உள்சுவரைக் கருக்க வைக்கும். முடிக்கு அதனால் கேடில்லை, பார்க்கத்தான் சங்கடமாக இருக்கும். முடியை மெல்லிய பட்டுத் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

மூடியில் குறைந்தது இரண்டு முழுச் சுற்றாவது மரை இருக்கட்டும். அரைச் சுற்றில் மூடுகிற மாதிரி செய்தால் நடக்க நடக்கக் கழன்றுவிடும். முகப்பில் கண்ணாடி வைத்து முடி தெரிகிற மாதிரி செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பார்க்க அழகுதான். தினமும் போடுவதற்கு அதை நான் சொல்லமாட்டேன், வெளிச்சம் படப் பட முடியின் கருப்பு வெளுத்துக்கொண்டே போகும். எப்போதாவது போட்டுவிட்டுப் பெட்டியில் வைப்பதானால் கண்ணாடி சரி.

இனி முடி. பின்னலில் இருந்து முப்பது, நாற்பது இழை மட்டும் பிரித்து எடுங்கள். எடுப்பதற்கு முன் அந்த இடத்தில் பட்டு நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மீதிப் பின்னல் கலைந்துவிடும். ஒரு முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, நாற்பது இழையும் சேர்ந்து ஒரு தையல் நூல் கற்றை அளவுக்குக்கூட வராது. சிமிழுக்கு அது தாராளம். அக்காவுக்கும் அதே அளவு.

உங்கள் அம்மா தேங்காய் எண்ணெய் வைத்தவராக இருந்தால் பின்னலில் இன்னும் அந்த வாசம் இருக்கும். அதே எண்ணெய் மூடிய சிமிழுக்குள் நாளாக ஆகச் சிக்குப் பிடித்து, கெட்ட வாடை அடிக்கும். அதனால் சிமிழுக்குள் போகும் இழைகளை மட்டும் கழுவ வேண்டும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு, தேய்க்காமல் அலசி எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கடைசியாக ஒரு அலசு. வெயிலில் போடாமல், வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் நாலைந்து நாள் காயவிடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பினாங்கு ஈரத்தில் அதை நம்பக்கூடாது. கடைசி நாள், மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு மூடிய டப்பாவில் வைத்து எடுங்கள். மீதிப் பின்னலைக் கழுவவே கழுவாதீர்கள். வாசம் அதில்தான் இருக்கிறது, அது ஒரு தடவை போனால் வராது.

மீதிப் பின்னலை அந்த பிஸ்கட் டின்னிலிருந்து மாற்றுங்கள். டின் துருப்பிடிக்கும். முடியைத் தின்கிற பூச்சி உண்டு, கம்பளியையும் பட்டையும் அரிக்கிற அதே புழுதான், இடுக்கில் நுழைந்துவிடும். வெண்ணெய்க் காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, இறுக்க மூடும் கண்ணாடி ஜாடியில், சிலிக்கா ஜெல்லோடு அலமாரியின் இருட்டான தட்டில் வையுங்கள். பொட்டலத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பூச்சி உருண்டை போட வேண்டாம், அந்த நெடி அம்மாவின் வாசத்தைத் தின்றுவிடும்.

சிமிழுக்குள் முடியை வைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். பற்றவைப்பு, மெருகு, சங்கிலி வளையம் எல்லாம் முடிந்து, அமிலத்தில் ஊறவைத்த சிமிழ் நன்றாகக் கழுவிக் காய்ந்து, கையில் வந்த பிறகு. அதை வீட்டுக்கே கொண்டுபோய், நீங்களும் அக்காவும் உட்கார்ந்து வையுங்கள். இழைகளை ஒரு முனையில் பட்டு நூலால் கட்டி, மூன்றாகப் பிரித்து மெல்லப் பின்னி, தண்டைச் சுற்றி வளைத்து, மறுமுனையையும் கட்டுங்கள். பசை எதுவும் வேண்டாம். கொஞ்சம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை, மூடிக்குள் இருப்பதுதானே. பொற்கொல்லர் செய்தால் நேர்த்தியாக இருக்கும், ஆனால் இதை நீங்கள் செய்வதுதான் சரி. உள்ளே இருப்பது யாருடைய முடி என்று பிறகு உங்களை யாரும் சந்தேகப்பட வைக்க முடியாது.

எந்தப் பட்டறையில் கொடுக்கலாம் என்று உங்களுக்குக் குழப்பம் இருக்கும். பெரிய நகைக்கடைகளில் தயாராக வந்த நகைதான் அதிகம், இப்படி ஒரு வேலையை மாடியில் உட்கார்ந்து செய்ய ஆள் இருக்கமாட்டார். ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் வந்தால், லிட்டில் இந்தியாவில் பினாங்கு ஸ்ட்ரீட், லெபோ பாசார் பக்கம் கையால் வேலை செய்கிற ஆசாரிகளைக் கேட்டுப் பிடியுங்கள். கோலாலம்பூரில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது செய்து தருகிறேன் என்றால், லெபோ அம்பாங், மஸ்ஜித் இந்தியா பக்கம் விசாரிக்கச் சொல்லுங்கள். திருகு மூடி வைத்த தாயத்து செய்திருக்கிறாரா என்று கேளுங்கள், செய்தவருக்கு இந்தச் சிமிழும் வரும். தோட்டை உங்கள் முன்னால் எடை போட்டு, கல்லின் எண்ணிக்கையையும் நிறத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அளவு எடுத்ததும் தோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், தண்டின் தடிமனும் நீளமும் தெரிந்தால் போதும், சிமிழ் செய்கிற நாள் முழுக்க அது அங்கே கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. கூலியை கிராம் கணக்கில் பேசாதீர்கள். எடை குறைந்த வேலை, கை அதிகம் பிடிக்கிற வேலை. மொத்தமாக இவ்வளவு என்று பேசிக் கொடுங்கள், அவரும் அவசரப்படாமல் செய்வார்.

பின்னாளில் சங்கிலி வளையம் அறுந்து யாரிடமாவது பற்றவைக்கக் கொடுக்க நேரலாம். தங்கம் பற்றவைக்க 700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். 250 டிகிரி தாண்டினாலே முடி கருகிவிடும். மூடியைத் திறந்து பார்க்காமல் ஊதுகுழலைக் காட்டினால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது, அரக்கும் போகும். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது முடியையும் தோட்டையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, வெறும் சிமிழை மட்டும் கொடுங்கள். அக்காவிடமும் சொல்லிவிடுங்கள். நகைப் பெட்டிக்குள் ஒரு சீட்டில் தமிழிலும் மலாயிலும் எழுதி வைப்பதும் நல்லது, எல்லா நேரமும் நீங்களே கடைக்குப் போவீர்கள் என்று இல்லை.

இணையத்துக்காரருக்கு முன்பணம் கட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால் இன்றே எழுத்தில் ரத்து செய்யுங்கள், செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர மறுத்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள், தமிழிலேயே பேசி வழி சொல்வார்கள். சிமிழ் வேலையை தீபாவளி நெருங்கும் மாதங்களில் யாரிடமும் கொடுக்காதீர்கள், எல்லாப் பட்டறையிலும் அப்போது தலைக்கு மேல் வேலை இருக்கும். தைப்பூசம் கழிந்த பிறகு கொடுத்தால் ஆசாரி உட்கார்ந்து மரையைப் பொறுமையாக வெட்டுவார்.